ஆபீஸ் நேரம் போக எழுதிய நாவலாசிரியர்கள்

எழுத்தாளர் ஒருவர் கூட்டத்தில் பேசி முடித்ததும் வாசகர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "உங்களுக்குக் கதை எங்கிருந்து கிடைக்கிறது?" என்பது முதல் கேள்வி. "எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள்?" என்பது இரண்டாவது. கேட்பவர்களில் பாதிப் பேராவது வீட்டு அலமாரியில் பாதி எழுதிய கதை ஒன்றை வைத்திருப்பவர்கள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு மனக்குறையும் உண்டு. காலையில் ஆபீஸ், மாலையில் வீடு, நடுவில் பஸ். இந்த வாழ்க்கையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? இருந்தாலும் எழுத நேரம் ஏது? அதிலும் சொந்த ஊரை விட்டு ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் வந்து, வேறு பாஷைக்காரர்கள் நடுவில் இருந்துகொண்டு தமிழில் கதை எழுதுவது என்றால் நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான் என்பதற்குத் தலைநகர் டில்லியே சாட்சி. தமிழ் நாவல்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் சில, இங்கே மாதச் சம்பளம் வாங்கி, ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதியவர்களால் உண்டானவை.

கிட்வாய் நகர் உலகம்

அந்தக் காலத்துச் சர்க்கார் ஊழியர் உலகத்தைத் தெரிந்துகொள்ள கிட்வாய் நகரை எடுத்துக்கொள்ளலாம். தெற்கு டில்லியில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் சவுத் எக்ஸ்டென்ஷனுக்கும் இடையே, ரிங் ரோடை ஒட்டி அமைந்த காலனி அது. அரவிந்தர் சாலை அதைக் கிழக்கு என்றும் மேற்கு என்றும் பிரிக்கிறது. நேரு மந்திரிசபையில் தபால் தந்தி இலாகாவையும், பிறகு உணவு இலாகாவையும் வகித்து, 1954-ல் காலமான ரஃபி அகமது கிட்வாயின் பெயர் அதற்கு இடப்பட்டது. பக்கத்தில் லட்சுமிபாய் நகரில் தமிழ்ப் பள்ளிக்கூடம். சரோஜினி நகரில் பிள்ளையார் கோயில். சற்றுத் தள்ளி ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திரும் தமிழ்ச் சங்கமும். டில்லி வந்த நம்மவர்களுக்கு இந்த வட்டாரம் பாதி ஊராகவே இருந்தது.

இத்தகைய காலனியில் வீட்டின் அளவு சம்பளத்தைச் சொல்லிவிடும். இன்ன கிரேடுக்கு இன்ன டைப் குவார்ட்டர்ஸ் என்பது விதி. மேல் வீட்டில் சண்டை நடந்தால் கீழ் வீட்டில் கேட்கும். யாருக்குப் புரமோஷன், யாருக்கு மாற்றல், யார் பெண்ணுக்கு வரன் தட்டிப்போயிற்று என்பது பால் பூத் வரிசையிலேயே தெரிந்துவிடும். ரிடையர் ஆனதும் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இருபது வருஷம் குடியிருந்தாலும் அந்தச் சுவர் நம்முடையது அல்ல. கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதற்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது கதையாகத் தோன்றுவதில்லை. தோன்றியவர்தான் ஆதவன்.

தலைநகரின் கதையை எழுதியவர்

ஆதவனின் இயற்பெயர் கே.எஸ்.சுந்தரம். 1942-ல் திருநெல்வேலிச் சீமையில் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, டில்லியில் வளர்ந்தவர். சில காலம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். பிறகு நேஷனல் புக் டிரஸ்டில் சேர்ந்தார். 'காகித மலர்கள்', 'என் பெயர் ராமசேஷன்' ஆகிய நாவல்களும் ஏராளமான சிறுகதைகளும் எழுதினார். 1987 ஜூலையில் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்தபோது அவருக்கு வயது 45. அந்த ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி பரிசு அவருடைய 'முதலில் இரவு வரும்' சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவருக்குக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று அறிய அவருடைய தலைப்புகளைப் பார்த்தாலே போதும். 'ஞாயிற்றுக்கிழமைகளும் பெரிய நகரமும் அறையில் ஓர் இளைஞனும்' என்பது ஒரு கதையின் பெயர். கரோல் பாக்கிலோ முனிர்காவிலோ மொட்டைமாடி அறையில் தனியாக வாடகைக்கு இருந்தவர்களுக்கு அந்தத் தலைப்பே முழுக் கதை. வாரம் ஆறு நாளும் ஆபீஸ் எப்போது முடியும் என்று காத்திருந்துவிட்டு, ஏழாவது நாள் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்த தவிப்பு அவர்களுக்குத் தெரியும். 'சிவப்பா, உயரமா, மீசை வச்சுக்காம' என்பது இன்னொன்று. ஒரு பெண் தனக்கு வரப்போகும் கணவனைப் பற்றி மனத்தில் தீட்டி வைத்திருக்கும் படம் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. 'கறுப்பு அம்பா கதை'யில் நடப்பது, குழந்தையைத் தூங்க வைக்க அப்பா கதை சொல்வதுதான். எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயம்.

'காகித மலர்கள்' டில்லியில் நடக்கும் நாவல். உயர் உத்தியோகத்தில் இருக்கும் பசுபதி, அவர் மனைவி பாக்கியம், அமெரிக்காவிலிருந்து மனைவியோடு வந்திருக்கும் மகன் விசுவம், அவன் தம்பிகள் செல்லப்பா, பத்ரி – இப்படி ஒரு குடும்பம். கொலை இல்லை, மர்மம் இல்லை. ஒவ்வொருவரும் பிறர் எதிரில் போடும் வேஷமும், அந்த வேஷத்தைத் தாமே நம்ப ஆரம்பிப்பதும்தான் விஷயம். மேலதிகாரி சொன்ன சிரிப்பே வராத ஹாஸ்யத்துக்குச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மனத்துக்குள் கூசியவர் யாராக இருந்தாலும் ஆதவனின் எழுத்தில் தம்மைக் கண்டுகொள்வார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆதவன் தம்முடைய வாழ்க்கையை விட்டு வெளியே போய்க் கதை தேடவில்லை. ஆபீஸ் மேஜை, பஸ் ஸ்டாண்டு, காப்பி ஹவுஸ், கல்லூரி, வீட்டுக் கூடம் இவைதான் அவருடைய களம். எதிரே நிற்பவர் என்ன பேசுகிறார் என்பதோடு, பேசும்போது என்ன மறைக்கிறார் என்பதையும் பார்த்தார். அதே கண்ணால் தம்மையும் பார்த்துக்கொண்டார். அதனால்தான் அவருடைய கேலி மனத்தைப் புண்படுத்துவதில்லை.

தூரத்தில் இருந்து தெரிந்த தஞ்சாவூர்

டில்லியில் இருந்தால் டில்லியைத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. இந்திரா பார்த்தசாரதியின் அனுபவம் வேறு மாதிரி. 1930-ல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். டில்லிப் பல்கலைக் கழகத்தில் தமிழ் ஆசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். மனைவியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டார். தலைநகரின் அதிகார வட்டாரத்தைக் கேலி செய்யும் 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி' இரண்டும், இங்கே இருந்து கண்ணால் பார்க்காதவரால் எழுதியிருக்க முடியாதவை.

ஆனால் அவருக்கு 1977-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி பரிசைத் தேடித் தந்த 'குருதிப்புனல்' காவிரிக் கரையின் கதை. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அந்தக் கொடுமைதான் நாவலுக்கு வித்து. கதையில் வரும் கோபாலும் சிவாவும் டில்லியிலிருந்து கிராமத்துக்குப் போகிறவர்கள். அதாவது, தூரத்தில் இருந்து பார்த்தவரின் பார்வையையே ஆசிரியர் கதைக்குள் வைத்துவிட்டார். ஊரில் இருந்தவர்களுக்குப் பழகிப்போன விஷயம், வெளியிலிருந்து போகிறவனுக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. ஊரை விட்டு வந்துவிட்டோமே என்று வருந்துகிறவர்கள், விட்டு வந்ததால் கிடைக்கும் இந்தப் பார்வையையும் எண்ணிப் பார்க்கலாம்.

பின்னால் அவர் போலந்து நாட்டில் வார்சா பல்கலைக் கழகத்தில் கற்பிக்கப் போனார். அங்கிருந்தும் ஒரு நாவல் வந்தது: 'ஏசுவின் தோழர்கள்'. போகிற இடத்தில் எல்லாம் பார்க்கிற கண் கூடவே போனது என்று சொல்லலாம்.

ரயிலில் கண்ட சிறுமி

இந்திரா பார்த்தசாரதி கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களில் ஒருவர் தி.ஜானகிராமன். பிற்காலத்தில் குருவும் சிஷ்யரும் டில்லிவாசிகள் ஆனார்கள். ஆசிரியர் வேலையை விட்டு வானொலியில் சேர்ந்த ஜானகிராமன், 1960-களின் இறுதியில் டில்லி அகில இந்திய வானொலிக்கு வந்தார். 'மோகமுள்', 'அம்மா வந்தாள்' இரண்டும் அதற்கு முன்பே வந்துவிட்டன. 'மரப்பசு' டில்லிக் காலத்தைச் சேர்ந்தது.

அவருடைய 'சிலிர்ப்பு' என்ற சிறுகதையைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரயிலில் ஒரு தகப்பனும் சின்னப் பையனும் போகிறார்கள். அதே வண்டியில் ஓர் ஏழைச் சிறுமி, யார் வீட்டிலோ வேலை செய்வதற்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். பையன் தன் ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுக்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது. இந்தக் கதைக்கு ரயில் பிரயாணம் ஒன்றில் தாம் கண்ட ஒரு சிறுமியே காரணம் என்று ஜானகிராமன் சிறுகதையைப் பற்றிய கட்டுரை ஒன்றில் சொல்லியிருக்கிறார்.

நம்மில் யார் ரயிலில் போகாதவர்? ஜி.டி. எக்ஸ்பிரஸிலும், 1976 முதல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் லீவுக்குப் போய்வந்த டில்லித் தமிழர்கள், கோடிக்கணக்கான மணி நேரத்தை எதிர் ஸீட்டுக்காரரைப் பார்த்தபடியே கழித்திருக்கிறார்கள். அந்தச் சிறுமியைப் போன்றவர்களை நாமும் பார்த்ததுண்டு. பார்த்து, "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு, போபால் வந்ததும் டீ வாங்க இறங்கிவிட்டோம். ஜானகிராமன் அவளை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எதிரே ஒரு கடிகாரம்

கதை கிடைக்கிறது, சரி. எழுத நேரம்? இதற்குப் பதில் சொல்லத் தகுந்தவர் இங்கிலாந்தின் ஆண்டனி டிரோலப். அவரும் சர்க்கார் ஊழியர். தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலே வந்தவர். பிரிட்டிஷாருக்குத் தெருத் தபால் பெட்டியை அறிமுகப்படுத்தியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதே மனிதர் 47 நாவல்கள் எழுதினார்.

எப்படி முடிந்தது? விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேஜை முன் உட்கார்ந்துவிடுவார். அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார். எதிரே கடிகாரம் இருக்கும். கால் மணிக்கு 250 வார்த்தை என்பது கணக்கு. மூன்று மணி நேரம் எழுதிவிட்டு அன்றைய காரியங்களுக்குக் கிளம்புவார். இலாகா வேலையாக ரயிலில் போகும்போது மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார். மனைவி பிரதி எடுத்துக் கொடுப்பார். 1883-ல், அவர் இறந்த பிறகு வெளிவந்த சுயசரிதத்தில் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். படித்த விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கணக்குப் பார்த்து எழுதுவது இலக்கியமா என்று கேட்டார்கள். நாவல்கள் என்னவோ இன்றும் அச்சில் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரானவர் பிராக் நகரத்து ஃப்ரான்ஸ் காஃப்கா. தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உத்தியோகம். பகல் இரண்டு மணிக்கு வேலை முடியும். வீட்டில் அமைதி கிடையாது. எல்லோரும் தூங்கிய பிறகுதான் எழுத முடியும். 1912 செப்டம்பர் 22-ந் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை ஆறு மணிக்குள் ஒரு முழுச் சிறுகதையை எழுதி முடித்தார். எல்லா இரவும் அப்படி வாய்த்ததா என்றால் இல்லை. ஆபீஸ் தம் எழுத்தைத் தின்கிறது என்று புலம்பியபடியேதான் எழுதினார்.

ஒருவர் விடியற்காலை, ஒருவர் நள்ளிரவு. இருவருக்கும் பொதுவானது, சும்மா கிடைத்த நேரம் இல்லை, பிடுங்கிக்கொண்ட நேரம்தான் என்பதே. முழு ஓய்வு கிடைத்தபின் எழுதுகிறேன் என்று தள்ளிப்போட்டவர்கள் ரிடையர் ஆனபிறகு எழுதியதைவிட, பஞ்சாயத்துப் பேசியதுதான் அதிகம்.

சர்க்கார் விதி குறுக்கே நின்றதா என்றும் கேட்கலாம். 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், பத்திரிகைக்கு எழுதுவதைக் கட்டுப்படுத்தியபோதே, முழுக்க இலக்கியமான எழுத்துக்கு முன் அனுமதி வேண்டாம் என்று விலக்கு அளித்தன. ஆபீஸ் ரகசியத்தைக் கொட்டாத வரை, ஒரு குமாஸ்தா தாராளமாகக் கதை எழுதலாம் என்றிருந்தது. வெளியிட இடமும் இருந்தது. கஸ்தூரிரங்கன் 1965-ல் 'கணையாழி'யைத் தொடங்கியது டில்லியில்தான். தலைநகரின் தமிழ் எழுத்தாளர்களுக்கு அது ஒரு முற்றமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

காலனிவாசிகளுக்கு இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. "கதையில் வருவது நான்தானே?" என்று மேல் வீட்டுக்காரர் வந்து நின்றால் என்ன செய்வது? கேலிக்குரிய கேள்வி அல்ல இது. நம்பிச் சொன்ன ஒருவரின் குடும்பக் கஷ்டத்தை ஊர் அறிய அச்சேற்றுவது எழுத்துத் தர்மம் ஆகாது.

தேர்ந்த நாவலாசிரியர்கள் கையாளும் வழி பழையது. ஒருவருடைய பேச்சை எடுத்து, இன்னொருவருடைய நடையோடு சேர்த்து, மூன்றாமவருடைய வீட்டில் குடிவைப்பார்கள். நடந்தது பாதி, நடந்திருக்கக்கூடியது பாதி. யாருடைய ரகசியத்தையும் விற்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு பலவீனத்தைப் பிடித்தால், பத்து வீட்டுக்காரர்கள் "என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்" என்று நினைப்பார்கள். ஒருவராலும் நிரூபிக்க முடியாது. கதாபாத்திரத்தின் அசட்டுத்தனத்தில் எழுதுகிறவர் தம் பங்கையும் கொஞ்சம் சேர்த்துவிட்டால் யாருக்கும் கோபம் வராது.

சுவர்கள் போன பிறகு

கிழக்கு கிட்வாய் நகரில் அந்தப் பழைய குவார்ட்டர்ஸ்கள் இப்போது இல்லை. 2010-களில் அவற்றை இடித்துவிட்டு, பல மாடிக் கட்டடங்களை எழுப்பிவிட்டார்கள். சைக்கிள் சாத்தி வைத்த சுவர், கோடையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த புல்தரை, குளிர்காலத்தில் மாமிகள் வெயில் காய்ந்தபடி ஊர்க் கதை பேசிய வாசல் எதுவும் மிச்சமில்லை. அங்கே குடியிருந்தவர்கள் சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் நோய்டாவுக்கும், சிலர் அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டார்கள். அலாட்மென்ட் ரிஜிஸ்தரில் அவர்கள் பெயரும் கிரேடும் தேதியும் இருக்கலாம். அவர்கள் என்ன நினைத்தார்கள், எதற்குப் பயந்தார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதை எந்த ரிஜிஸ்தரும் சொல்லாது. ஆதவனின் புத்தகங்கள் சொல்கின்றன. அந்தக் காலத்து டில்லித் தமிழ்க் குமாஸ்தாவை இனி யாராவது தேடினால், அங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் எழுதியது அவர் பார்த்த டில்லி. அதற்குப் பின் வந்த டில்லியை யார் எழுதுவது? மெட்ரோவில் நின்றபடி ஊருக்குப் பேசுகிறவர்கள், கான்ட்ராக்ட் முடியும் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் தொழிலாளிகள், கேண்டீன் அடுப்படியில் நிற்கும் பையன்கள், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர் – இவர்களுக்கு இன்னும் ஓர் ஆதவன் வரவில்லை.

வெளியிலிருந்து யாரோ வந்து எழுத மாட்டார்கள். அவர்களுக்கு இந்த வாழ்க்கை தெரியாது. தெரிந்தவர்கள் நாம்தான். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. இன்று பஸ்ஸில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை, தூங்கப் போகுமுன் அதில் எழுதி வைக்கலாம். நாளைக்கு அதைச் சொன்னவர் எப்படி நின்றார், கையில் என்ன பை வைத்திருந்தார் என்று இரண்டு வரி. பாதி எழுதிய கதை அலமாரியில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் அதை எடுத்துப் பார்க்கலாம். காப்பி கொடுத்து எழுப்ப வருஷத்துக்கு 5 பவுன் கொடுக்க நம்மால் முடியாது. அலாரம் வைத்துக்கொள்ள முடியும்.